அறுநூற்று எண்பத்தேழாம் கல்

வேன் வேடசந்தூரைத் தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டு ருக்சானா இரண்டாவது முறை டிபன் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

“ஒரு சமோசாவாச்சும் சாப்பிடுங்க டீச்சர். வெறும் வயித்தோட போய் கொழுந்தன்கிட்ட சண்டை போட்டா மயக்கம் வந்திரும்.”

“சண்டை போட வரல. கையெழுத்து வாங்க வாரேன்” என்றாள் புஷ்பமேரி.

“ரெண்டும் ஒண்ணுதான். எங்க வீட்டுல எல்லாச் சண்டையும் கையெழுத்துலதான் ஆரம்பிச்சது.”

முன் சீட்டிலிருந்து ரீனா திரும்பினாள். “ஆன்ட்டி, மெதுவா. அம்மா வர்றது சித்தப்பாவுக்குத் தெரியாது.”

“சித்தப்பாவுக்குத்தானே தெரியாது? வேன்ல இருக்கவங்களுக்குத் தெரிஞ்சா என்ன?”

வேனில் பதினைந்து பேர் இருந்தார்கள். பட்டியலில் புஷ்பமேரியின் பெயர் இல்லை. ‘ருக்சானா, உடன் இருவர்’ என்றுதான் இருந்தது. பானுப்ரியா என்ற கல்லூரிப் பேராசிரியை மாதம் ஒரு சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து ஆட்களைச் சேர்த்து ஏதாவது ஒரு பழைய ஊரைப் பார்க்கக் கூட்டிப்போவாள். இந்த மாதம் ராயப்பன்களம். வாட்ஸப்பில் வந்த அறிவிப்பின் கடைசி வரியை ரீனாதான் முதலில் பார்த்தாள். ‘ஊரைச் சுற்றிக் காட்டுபவர்: திரு. மிக்கேல்ராஜ்.’

மூன்று கடிதங்களுக்குப் பதில் போடாத, போனை எடுக்காத அதே மிக்கேல்ராஜ். புஷ்பமேரியின் கணவர் கிறிஸ்துராஜ் வாத்தியாரின் தம்பி.

நான்கு வருஷத்துக்கு முன்னால், கொரோனாவின் இரண்டாம் அலையில், புஷ்பமேரி மதுரையில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். கிறிஸ்துராஜ் திண்டுக்கல்லில் இன்னொரு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவள் கண் விழித்துப் பேச ஆரம்பித்த ஒன்பதாம் நாள்தான் அவர் இல்லை என்பதைச் சொன்னார்கள். பிறந்த ஊருக்குக் கொண்டுபோய்த் தம்பியே அடக்கம் செய்துவிட்டார் என்றும் சொன்னார்கள். யாரைக் கேட்டுக் கொண்டுபோனார் என்று அவள் கேட்டாள். நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், பெரும்பாலும் தனக்குள்ளேயே. அந்தக் கோபத்தில் அவர் பிறந்த ராயப்பன்களத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

இப்போது மகன் பிராங்கிளின் திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறைக்கு இடம் வாங்கிவிட்டான். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் அப்பாவை அங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று கோயமுத்தூரிலிருந்து தினம் ஒரு தடவை பேசுகிறான். கொத்தனார் தயார். பளிங்குப் பலகையில் அப்பா பெயர் பொறித்தாகிவிட்டது. அதற்குக் கீழே அம்மாவுக்கும் இடம் விட்டிருக்கிறது. ‘அடக்கம் செய்தவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் தோண்ட முடியும்’ என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். அந்தத் தாள் அவளுடைய கைப்பையில், ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது.

ஜெபப் புத்தகத்தில் ஒரு புகைப்படமும் இருந்தது. ஒரு கருங்கல், அதில் 687 என்ற எண், முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. முதல் வருஷம் மிக்கேல்ராஜ் ரீனாவுக்கு அனுப்பியது. புஷ்பமேரி அதைக் கடையில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். ராத்திரி ஜெபத்தில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பேசுவாள். முப்பத்துநாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குக் கடைசியில் புருஷனும் ஒரு எண்ணாகிவிட்டார் என்று ஒருநாள் தோன்றியது. அன்று அழவில்லை. கோபம்தான் வந்தது.

மடியில் காலையில் பூ மார்க்கெட்டில் வாங்கிய செவ்வந்தி மாலை ஈரமாக இருந்தது.

குஜிலியம்பாறை ரோட்டிலிருந்து வேன் மண்பாதையில் திரும்பியது. இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டம், அறுத்த சோளத் தட்டை. கோயில் வாசலில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நரைத்திருந்தார். நிற்கும் விதம் மட்டும் அண்ணனுடையது. ஒரு காலில் பாரம் போட்டு, லேசாகச் சாய்ந்து. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணையும் எடுக்க முடியவில்லை.

ஒவ்வொருவராக இறங்க, “வாங்க, வாங்க, தண்ணி குடிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் நிறுத்தினார். கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது.

“வாங்க மதினி.”

“சுத்திப் பாக்க வந்திருக்கேன் தம்பி. எல்லாருக்கும் சொல்றதை எனக்கும் சொல்லுங்க.”

அவர் தலையாட்டினார். ரீனா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். தாது வருஷப் பஞ்சத்தில் நாலா பக்கத்திலிருந்தும் ஓடிவந்த நாற்பது குடும்பங்களுக்கு வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் இந்த மானாவாரி நிலத்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். ஊர் அவரைப் பெரிய சாமி என்கிறது. அவர் போட்ட சட்டம்தான் இன்றைக்கும். காலையில் வயல்மணி அடித்தால்தான் காட்டுக்குப் போக வேண்டும். களம் பொது. எல்லா வீட்டுக்கும் ஒரே அகல வாசல், ஒரே உயரக் கூரை.

“ஒருத்தருக்கு மாடி கட்டணும்னு ஆசை வந்தா?” என்று கேட்டாள் ருக்சானா.

“வந்துச்சும்மா. அந்தா, அந்த வீடுதான். மகன் சிங்கப்பூர்ல இருக்கான். உசரந்தானே கூடாது, நீளம் கூடாதுன்னு பெரிய சாமி சொல்லலையேன்னு பின்னாடியே கட்டிக்கிட்டுப் போறாரு. இப்ப அடுப்படியில இருந்து வாசலுக்கு வாரதுக்குச் சைக்கிள் வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். வருகிற கூட்டத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வேடிக்கை இது என்று புஷ்பமேரிக்குப் பட்டது. என் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, இதே வாயால் இங்கே வந்து சைக்கிள் கதை சொல்லியிருப்பார்.

களத்து மேட்டில் டீ கொடுத்தார்கள். பெரிய தூக்குப் போணியிலிருந்து ஊற்றிக் கொடுத்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ரீனாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

“வாத்தியார் மகதானே நீங்க? அப்ப இவங்க வாத்தியார் வீட்டம்மாவா? நான் டோனிங்கம்மா. பால்காரம்மா ஆனந்தமேரி மகன். எங்கம்மாவும் சாரும் ஒரே வார்டு. அடுத்தடுத்த கட்டிலு.”

புஷ்பமேரி டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தப் பத்து நாளைப் பற்றி அவளிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருத்துவ அறிக்கையில் ஆக்சிஜன் அளவு மட்டும்தான் இருந்தது.

“எங்கம்மா தினம் போன்ல சொல்லும். சார் கஞ்சியில உப்பில்லைன்னு நர்ஸம்மாகிட்ட சண்டை போட்டாராம். அப்பறம் எங்கம்மா ஊறுகா கொடுத்துச்சாம். கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சு ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்காங்க.”

“என்ன ஊறுகாய்?”

கேட்ட பிறகுதான் என்ன கேள்வி இது என்று இருந்தது.

“நார்த்தங்காங்கம்மா.”

அவருடைய பிரஷருக்காகப் பதினோரு வருஷம் அவள் ஊறுகாய் ஜாடியை எட்டாத அலமாரியில் வைத்திருந்தாள். புஷ்பமேரி சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாக மாறியது. அவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

“அங்கயும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்காங்க” என்று கல்லறைப் பக்கம் காட்டினான். “நான் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ரெண்டு கல்லையும் கழுவி விட்ருவேன். எங்கம்மாவுக்கு மட்டும் மெழுகுதிரி வச்சா நல்லாருக்காதுல்ல.”

நான்கு வருஷமாக அவள் கணவரின் கல்லைக் கழுவிக்கொண்டிருப்பவன் பெயர் அவளுக்கு இன்றுதான் தெரிகிறது.

கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை. கள்ளி வேலிதான். உள்ளே முழங்கால் உயரக் கருங்கற்கள், எல்லாம் ஒரே அளவு, வரிசை வரிசையாக. சிலுவைகூட நடுவில் பொதுவாக ஒன்றுதான்.

மிக்கேல்ராஜ் வேலியோரம் நின்றே பேசினார். அவளைப் பார்க்காமல் பேசினார்.

“இங்க பேரு கிடையாது. எண்ணு மட்டுந்தான். ஒண்ணாம் எண்ணுல இருந்து எல்லாம் செத்த வரிசை. பஞ்சத்துல வந்தவங்க தினம் ரெண்டு மூணு பேரு செத்திருக்காங்க. எந்தக் குடும்பம், எந்தச் சாதின்னு பாத்துப் புதைக்க முடியல. பஞ்சம் தீந்ததும் சில பேரு மேலத்தெருவுக்குத் தனி இடம் வேணும்னு கேட்டிருக்காங்க. பெரிய சாமி, செத்த வரிசைதான், இல்லாட்டி நிலத்தைத் திருப்பிக் குடுன்னுட்டாரு. யாரு எந்த எண்ணுங்கறது குறிப்பேட்டுல இருக்கும். கோயில்ல நாந்தான் எழுதுறேன்.”

“அப்ப புருஷன் பொண்டாட்டி?” என்று யாரோ கேட்டார்கள்.

“தனித்தனிதாங்க. உசுரோட இருந்தப்ப சேந்து இருந்தது போதாதா?”

மறுபடியும் சிரிப்பு. சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ரீனா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

ருக்சானாதான் அடுத்த கேள்வியைப் போட்டாள்.

“ஒரே நாள்ல ரெண்டு பேரு மவுத்தாயிட்டா என்ன செய்வீங்க?”

“யாரு உசுரு முந்திப் போச்சோ அவங்களுக்கு முந்துன கல்லு. அப்படி நடந்தது...” அவர் நிறுத்தினார். “ஒரு வாட்டி. பஞ்சத்துக்கு அப்பறம் ஒரு வாட்டிதான்.”

“அது எப்பங்க?”

“வெயிலா இருக்கு. எல்லாரும் உள்ள போய்ப் பாருங்க, எங்க வேணா போங்க” என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

புஷ்பமேரிக்கு அந்த முகம் தெரியும். தவறாகப் போட்ட கணக்கை இடது கையால் மறைத்துக்கொண்டு, டீச்சர் இந்த வரிசையைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று கும்பிடும் முகம். எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாள். அவள் அந்த வரிசையைத் தாண்டிப் போனதே இல்லை.

“ரீனா, நீ ஆன்ட்டியோட இரு” என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

கடைசிக்கு முந்திய வரிசையில் 687 இருந்தது. புகைப்படத்தில் இருந்ததைவிடச் சின்னக் கல். பக்கத்தில் 688. இரண்டும் ஈரத் துணியால் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தன.

அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். “கையெழுத்துப் போடுங்க தம்பி. வேற எதுவும் பேச வேணாம்.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 688-ஆம் கல்லின் மேல் தாளை வைத்து, குனிந்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு எளிதாகவா என்று அவள் நினைக்கும்போதே நிமிர்ந்தார்.

“போட்டுட்டேன் மதினி. ஆனா எந்தக் கல்லைத் தோண்டணும்னு எனக்குத் தெரியாது.”

“அப்படின்னா?” என்றாள்.

“ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்தாங்க. அண்ணனுக்கு ரெண்டு பத்துக்கு உசுரு போச்சு, ஆனந்தமேரிக்கு நாலரைக்கு. அதுபடி குழி ரெண்டு எடுத்து வச்சிருந்தோம். எங்களைக் கிட்ட விடல. இந்த வேலிக்கு வெளியதான் நின்னேன். கவர் போட்டவங்க நாலு பேரு இறக்குனாங்க. அண்ணனை இந்தப் பக்கம் வைங்கன்னு கத்துனேன். அவங்க காதையும் மூடியிருந்தாங்க. கேட்டுச்சா கேக்கலையா தெரியல. ரெண்டு பையும் ஒண்ணுபோல. ஆனந்தமேரியும் அண்ணன் உசரந்தான்.”

“பையில பேர் எழுதியிருக்குமே?”

“எழுதியிருக்கும். படிக்க யாரு கிட்டப் போனா? கால் மணி நேரத்துல மண்ணைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் குறிப்பேட்டைப் பாத்துக் கல்லை நட்டேன்.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “குறிப்பேட்டுல எல்லாம் சரியா இருக்கு மதினி. மண்ணுலதான் தெரியல.”

தூரத்தில் பானுப்ரியா யாருக்கோ முதல் வரிசைக் கல்லில் இருந்த பழைய தமிழ் எண்ணைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரைக் கேட்டு இங்க கொண்டாந்தீங்க?” நான்கு வருஷமாகத் தீட்டி வைத்திருந்த கேள்வி. கேட்கும்போது அதில் கூர்மையே இல்லை.

“யாரைக் கேக்க? நீங்களும் பொழைப்பீங்கன்னு நம்ப முடியாதுன்னு மதுரையில சொல்லிட்டாங்க. பிள்ளைங்க ரெண்டும் வீட்டை விட்டு வெளிய வர முடியாது, அதுகளுக்கும் காய்ச்சல். குழி எடுக்க ஆள் இருந்தாத்தான் புதைக்கலாம், இல்லாட்டி எரிச்சிருவோம்னாங்க. குழி எடுக்கிறேன்னு வந்தது இந்த ஊர்ல ஆறு பேரு. அதுல டோனி ஒருத்தன்.”

“அவனுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. இம்புட்டு நாளும் எனக்கு மட்டுந்தான். நீங்க கேக்குறப்ப எல்லாம் சொல்லிருவோம்னு போனைக் கையில எடுப்பேன். சொன்னா அப்பறம் ரெண்டு வீட்டுக்கும் கல்லு இல்லாமப் போயிரும்னு வச்சிருவேன்.”

அவரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வார்த்தைகள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. ‘என் புருஷனை எடுத்துட்டுப் போனீங்க’ என்று தொடங்கும் வாக்கியம். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அவர் எங்கே இருக்கிறார் என்று கை காட்ட வேண்டும். கையை எந்தப் பக்கம் நீட்டுவது?

நான்கு வருஷமாக ராத்திரி ராத்திரி யாரிடம் பேசினேன்? உப்புக் குறைவாகப் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டது யாரிடம்? ஒரு பால்காரம்மாவிடமா? அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்திருப்பாளோ, ஊறுகாய் கொடுத்தவள்தானே.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. பளிங்குப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே விட்டிருக்கும் இடம்தான் அவளை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தது. அவரை வீட்டுக்குக் கூட்டிப்போவதைவிடத் தனக்கு ஒரு இடம் உறுதியாக இருக்க வேண்டும் என்ற ஆசை. அதற்கு அவர் வேண்டும்.

“தோண்டிப் பாத்தா தெரிஞ்சிரும்” என்றாள் மெல்ல. “எலும்பைப் பாத்தே டாக்டருங்க சொல்லிருவாங்க.”

“ஆமா. ரெண்டையும் தோண்டணும். அதுக்கு டோனிகிட்டச் சொல்லணும்.”

அவள் மாலையைப் பிரித்தாள். 687-க்குத்தான் போட நினைத்தாள். கை பாதியில் நின்றது. இரண்டாகப் பிய்க்கலாம் என்று இழுத்தாள். நூல் இறுக்கமாகக் கட்டியிருந்தது, அறவில்லை. கடைசியில் இரண்டு கல்லையும் சேர்த்து நீளவாக்கில் போட்டாள். பெருந்தன்மை ஒன்றும் இல்லை அதில். ஒரு கல்லை விட்டுவிட்டு, விட்டது அவராக இருந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

மிக்கேல்ராஜ் மாலையின் ஒரு முனையைக் குனிந்து சரிசெய்தார். அண்ணன் மாதிரியே, ஒரு காலில் பாரம் போட்டு.

“சாப்பிட்டுட்டுப் போங்க மதினி. எல்லாருக்கும் சோளச்சோறு, கருவாட்டுக் குழம்பு. வெஞ்சனத்துக்கு முருங்கக்கீரை.”

“உப்பு சரியா இருக்குமா?”

அவருக்கு விளங்கவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

மூன்றரை மணிக்கு வேன் கிளம்பியது. ருக்சானா உடனே தூங்கிவிட்டாள். ரீனா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் இருந்தாள். கேட்காமல் இருப்பதற்கு அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது அவள் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்த விதத்தில் தெரிந்தது.

மண்பாதையில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வேனை முந்திப் போனது. இரண்டு பக்கமும் பால் கேன். டோனி ஜன்னலில் அவளைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். அவளும் கையைத் தூக்கினாள்.

போன் அடித்தது. பிராங்கிளின்.

“அம்மா, சித்தப்பாவைப் பாத்தியா? போட்டாரா?”

“போட்டுட்டாரு.”

“அப்பாடா! திங்கக்கிழமையே கொத்தனாரை வரச் சொல்லிரவா?”

“செத்தப் பொறுப்பா. இன்னொரு கையெழுத்தும் வேணும்.”

ரீனா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

“இன்னொண்ணா? யாரோடது?”

புஷ்பமேரி தாளைப் பிரித்தாள். கொழுந்தன் கையெழுத்துக்குக் கீழே நிறைய இடம் இருந்தது. டோனி என்பது கூப்பிடும் பெயராகத்தான் இருக்கும். முழுப்பெயர் தெரியாது. அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியாது.

“கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

பிறகு அந்த எண்ணைத் தேடி எடுத்தாள். எத்தனையோ தடவை அடித்து அடித்து ஓய்ந்துபோன எண். எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள், முதல் மணியிலேயே குரல் கேட்டது.

“சொல்லுங்க மதினி.”